கரண்ட் போயி வந்ததும் ஏன் ஆன் ஆகல? எஸ்எம்பிஎஸ் உள்ள நடக்குறது என்ன, தப்ப எங்க தேடணும்

நாலு வருஷமா ராத்திரி பகலா ஓடிட்டு இருந்த ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச், ஒரு தடவ கூட மக்கர் பண்ணதில்ல. ஒரு நாள் கரண்ட் போச்சு, பத்து நிமிஷத்துல திரும்ப வந்துச்சு, போயி பாத்தா அதுல ஒரு லைட்டு கூட எரியல. காத பக்கத்துல வச்சா உள்ள இருந்து டிக்டிக்டிக்னு கடிகாரத்த விட வேகமா மெல்லிசா ஒரு சத்தம். கரண்ட் வரும்போது வோல்டேஜ் ஏறி வந்து அடிச்சிருச்சுன்னுதான் நானும் நெனச்சேன். உள்ள இருந்த எஸ்எம்பிஎஸ்ஸ, அதாவது மெயின்ஸ் கரண்ட வேகமா ஆன் ஆஃப் பண்ணி வேணும்ங்குற டிசி வோல்டேஜா மாத்துற பவர் சப்ளை போர்ட (ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை), கழட்டுனேன், ஃப்யூஸ் நல்லா இருந்துச்சு. மாஸ்ஃபெட்டுங்குற ஸ்விட்ச் டிரான்ஸிஸ்டர மாத்துனேன், அத ஓட்டுற கன்ட்ரோலர் ஐசி மாத்துனேன், ரெண்டு நாள் போச்சு, அந்த டிக்டிக் மட்டும் அப்படியே இருந்துச்சு. கடைசியில காரணம் என்னன்னா டிரான்ஸ்ஃபார்மர் ஓரமா நின்னுட்டு இருந்த ஒரு 47 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெபாசிட்டர். அது உள்ளுக்குள்ள காஞ்சு போயி பல மாசம் ஆகியிருக்கும், ஆனா சப்ளை ஓடிட்டு இருக்குற வரைக்கும் அது செத்தது வெளிய தெரியவே தெரியாது, ஒரு தடவ நின்னு மறுபடி கெளம்பணும்னு வரும்போதுதான் தெரியும்.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, எஸ்எம்பிஎஸ் ரிப்பேர் கத்துக்குறவங்க நெறைய பேரு நான் அன்னைக்கு செஞ்சததான் செய்றாங்க, போர்ட பாத்து எது பெருசா இருக்கோ எது சூடாகுதோ அத மாத்திப் பாக்குறது. இந்த சர்க்யூட்ல அது நடக்காது, ஏன்னா இதுல ஒவ்வொரு பார்ட்டும் இன்னொரு பார்ட்ட நம்பித்தான் நிக்குது, எது எதுக்காக காத்திருக்குன்னு தெரியாம கைய வச்சா நல்லா இருக்குறதயும் சேத்து கெடுத்துடுவோம். அதனால மீட்டர எடுக்குறதுக்கு முன்னாடி கரண்ட் உள்ள எப்படி போகுதுன்னு ஒரு தடவ பொறுமையா பாத்துடலாம்.

பழைய அடாப்டர் கையில எடுத்தா செங்கல் மாதிரி கனக்கும். உள்ள இரும்புத் தகடு அடுக்குன டிரான்ஸ்ஃபார்மர், நாலு டயோடு, ஒரு கெபாசிட்டர், தேவப்பட்டா ஒரு 7805 மாதிரி ரெகுலேட்டர், அவ்ளோதான். அது ஏன் அவ்ளோ கனம்னா, மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ்ல வருது, ஒவ்வொரு அரை சைக்கிளும் 10 மில்லிசெகண்ட் நீளம், அவ்ளோ நேரம் காந்தப்புலம் ஏறி ஏறி கோர் நெறஞ்சு போகாம இருக்கணும்னா நெறைய இரும்பும் நெறைய சுத்தும் வேணும். அதே வேலைய 65 கிலோஹெர்ட்ஸ்ல செஞ்சா அரை சைக்கிள் 8 மைக்ரோசெகண்ட் கூட கெடையாது, அதுக்குள்ள கோர் நெறையவே நேரம் இல்ல, அதனால தீப்பெட்டிய விட சின்ன ஃபெரைட் கோர் போதும். அடுத்தது வீணாகுற சூடு. 12 வோல்ட்ட 7805ல குடுத்து 5 வோல்ட் 1 ஆம்ப் எடுத்தா, நமக்கு கெடைக்கிறது 5 வாட், ரெகுலேட்டர் வெறுமனே சூடாக்கி வெளிய விடுறது 7 வாட். அது ஒரு வால்வ பாதி தொறந்து வச்சு மீதிய உரசியே தடுக்குற மாதிரி. எஸ்எம்பிஎஸ்ல டிரான்ஸிஸ்டர் பாதியில நிக்கவே நிக்காது, ஒண்ணு முழுசா ஆன், இல்ல முழுசா ஆஃப். ஆன்ல இருக்கும்போது அதுக்கு குறுக்க வோல்டேஜ் கிட்டத்தட்ட இல்ல, ஆஃப்ல இருக்கும்போது கரண்ட் இல்ல, ரெண்டுலயுமே வாட்ஸ் ரொம்ப கொறச்சல். மாறுற அந்த நொடித் துணுக்குலதான் கொஞ்சம் சூடு.

அடாப்டர்ல, சார்ஜர்ல, சின்ன போர்டுகள்ல வர்றது பெரும்பாலும் ஃப்ளைபேக் வகை. இத புரிஞ்சுக்க நான் எப்பவும் நெனச்சுக்குறது, குடத்துல தண்ணி மொண்டு ஊத்துறது. மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது டிரான்ஸ்ஃபார்மருங்குற குடம் ப்ரைமரி (மெயின்ஸ்) பக்கம் மொண்டுக்குது, அந்த நேரத்துல செகண்டரி (அவுட்புட்) பக்க டயோடு மூடியிருக்கும், ஒரு சொட்டு கூட அந்தப் பக்கம் போகாது. மாஸ்ஃபெட் ஆஃப் ஆனதும் குடம் கவுந்து செகண்டரி பக்கம் டயோடு வழியா கெபாசிட்டர்ல ஊத்துது. செகண்டுக்கு 65 ஆயிரம் தடவ இதே வேலை. அந்தப் பக்கம் செலவு ஜாஸ்தியானா ஒவ்வொரு தடவயும் கொஞ்சம் நெறைய மொள்ளணும், கொறஞ்சா கொஞ்சமா மொள்ளணும், எவ்ளோ மொள்ளணும்னு சொல்றதுதான் கன்ட்ரோலர் ஐசியோட வேலை. இந்த குடத்த மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவப்படும்.

இந்த ஐடியா ரொம்ப பழசு, ஆனா வீட்டுச் சாமான்ல வர்றதுக்கு வேகமா ஸ்விட்ச் ஆகுற, ஹை வோல்டேஜ் தாங்குற டிரான்ஸிஸ்டர் வெல கொறஞ்சு வரணும். 1976ல சிலிக்கான் ஜெனரல் கம்பெனியில பாப் மம்மானோ டிசைன் பண்ண எஸ்ஜி1524 வந்துச்சு, அதுவரைக்கும் ஒரு போர்ட் நெறைய பார்ட்ஸ் போட்டு செஞ்ச கன்ட்ரோல் வேலை ஒரே ஐசிக்குள்ள வந்துருச்சு. அடுத்த வருஷமே ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் ராட் ஹோல்ட் டிசைன் பண்ண ஃப்ளைபேக் சப்ளையோட வந்துச்சு, அதனாலதான் அந்தப் பெட்டி அவ்ளோ லேசா, ஃபேன் இல்லாம இருந்துச்சு.

சரி, இப்ப மெயின்ஸ் பின்லேர்ந்து ஒவ்வொண்ணா நடந்து போவோம். முதல்ல ஃப்யூஸ். அடுத்து என்டிசி, ஆன் பண்ற நேரத்துல பாயுற கரண்ட தடுக்குற, கறுப்பாவோ பச்சையாவோ இருக்குற வட்டச் சில்லு. பக்கத்துல எக்ஸ் கெபாசிட்டரும் ரெண்டு சுத்து போட்ட சோக்கும், இதுங்க வேலை ஸ்விட்சிங் இரைச்சல் மெயின்ஸ் லைனுக்கு போகாம தடுக்குறது. அடுத்து ஏசிய டிசியா மாத்துற, நாலு டயோடு சேந்த ப்ரிட்ஜ் ரெக்டிஃபையர், அப்புறம் போர்டுலயே பெருசா நிக்குற 400 வோல்ட் இல்ல 450 வோல்ட் கெபாசிட்டர். 230 வோல்ட் ஏசிய ரெக்டிஃபை பண்ணா அதோட உச்சத்துக்கு சார்ஜ் ஆகும், 230 பெருக்கல் 1.414, அதாவது ஏறக்கொறைய 325 வோல்ட் டிசி. 120 வோல்ட் மெயின்ஸ் இருக்குற நாடுன்னா 170. ஆக்டிவ் பிஎஃப்சி (மெயின்ஸ்லேர்ந்து கரண்ட சீரா இழுக்குற தனி சர்க்யூட்) இருக்குற பெரிய சப்ளைல 380லேர்ந்து 400 வரைக்கும் இருக்கும். இந்த ஒரு எடம்தான் போர்ட ரெண்டா பிரிக்கிற எல்லைக்கோடு, இங்க வோல்டேஜ் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

ஆனா இதே எடம்தான் ஆளக் கொல்ற எடமும், அதனால இங்க கொஞ்சம் நின்னுதான் போகணும். 150 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் 325 வோல்ட்ல நிக்கும்போது உள்ள ஏறக்கொறைய 8 ஜூல் சக்தி இருக்கு, ப்ளக்க புடுங்கிட்டாலும் அது எங்கயும் போயிடாது. ஓடிட்டு இருந்த சப்ளைன்னா லோடே அத காலி பண்ணிடும், ஆனா நம்ம கைக்கு வர்றது ஓடாத சப்ளை, அதுல மாஸ்ஃபெட் ஸ்விட்ச் ஆகாததால கெபாசிட்டர காலி பண்ண யாருமே இல்ல, பல நிமிஷம் கழிச்சு கூட 300 வோல்ட் அப்படியே நிக்கும். ரிப்பேருக்கு வர்ற போர்டுதான் நல்ல போர்ட விட ஆபத்து, இத மறந்துடாதீங்க. ஸ்க்ரூ டிரைவர வச்சு ஷார்ட் பண்ணி டப்புனு டிஸ்சார்ஜ் பண்றத நெறைய பேரு செய்றாங்க, வேண்டாம், கெபாசிட்டரும் கெடும், பொறி கண்ணுல தெறிக்கும். 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் நல்லா இன்சுலேஷன் போட்டு வயர் சால்டர் பண்ணி வச்சுக்கோங்க, கெபாசிட்டரோட ரெண்டு கால்லயும் பத்து செகண்ட் புடிங்க, அப்புறம் மீட்டர வச்சு பாருங்க, அஞ்சு வோல்ட்டுக்கு கீழ வந்துச்சுன்னாதான் கை. ஒவ்வொரு தடவயும், நூறாவது தடவயும் அப்படித்தான்.

லைன்ல ஆர்சிசிபி இருக்கு, ஷாக் அடிச்சா ட்ரிப் ஆயிடும்னு நெனைக்குறவங்க உண்டு. ஆர்சிசிபி பாக்குறது கரண்ட் பூமிக்கு கசியுதான்னுதான், அந்தக் கெபாசிட்டரோட ப்ளஸ்லயும் மைனஸ்லயும் ரெண்டு கை பட்டா உங்க உடம்ப அது ஒரு சாதாரண லோடுன்னுதான் எடுத்துக்கும், ட்ரிப் ஆகாது. அதனால ஒரு கைய பின்னாடி வச்சுட்டு ஒரு கையால அளக்குற பழக்கம் முதல் நாள்லேர்ந்தே வரணும். முடிஞ்சா கறுப்பு ப்ரோப முதல்ல கிளிப் போட்டு மாட்டிட்டு, அப்புறம் கரண்ட் குடுத்து, சேப்பு ப்ரோப மட்டும் கையில புடிங்க.

இன்னொரு விஷயம், போர்டுல கிரவுண்டு ரெண்டு இருக்கு. பெரிய கெபாசிட்டரோட மைனஸ் ப்ரைமரி கிரவுண்டு, அவுட்புட்டோட மைனஸ் செகண்டரி கிரவுண்டு, ரெண்டுக்கும் நடுவுல நேரடி தொடர்பு கெடையாது. போர்ட திருப்பிப் பாத்தா நடுவுல காப்பர் இல்லாம அகலமா ஒரு பட்டை போகும், சில போர்டுல அங்க வெட்டியே விட்டுருப்பாங்க, அதுதான் எல்லை. 325 வோல்ட்ட அளக்கும்போது கறுப்பு ப்ரோபு அவுட்புட் மைனஸ்ல இருந்தா மீட்டர் காட்டுறது எதுக்கும் உதவாது, ஆரம்பத்துல நெறைய பேரு இங்கதான் கொழம்பி ப்ரிட்ஜ கழட்டுவாங்க. ஆசிலோஸ்கோப் வச்சிருக்கவங்க இன்னும் கவனமா இருக்கணும், அதோட கிரவுண்டு கிளிப் எர்த்தோட சேந்தது, அத ப்ரைமரி மைனஸ்ல மாட்டுனா மெயின்ஸ நேரா எர்த்துக்கு ஷார்ட் பண்ற மாதிரி. போர்டுக்கு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியா கரண்ட் குடுக்கணும், இல்ல டிஃபரன்ஷியல் ப்ரோபு வேணும், ரெண்டும் இல்லன்னா ப்ரைமரி பக்கம் ஸ்கோப்ப கொண்டு போகாதீங்க.

இப்ப அந்த 47 மைக்ரோஃபாரட் கதைக்கு வர்றேன். கன்ட்ரோலர் ஐசி ஓடணும்னா அதுக்கு 12, 15 வோல்ட் மாதிரி ஏதோ ஒரு சப்ளை வேணும். அந்த சப்ளைய யாரு குடுக்கணும்? மெயின் டிரான்ஸ்ஃபார்மர்லயே ஆக்ஸிலரி வைண்டிங்னு ஒரு சின்ன சுத்து இருக்கு, அதுதான் குடுக்குது. ஆனா டிரான்ஸ்ஃபார்மர் ஓடணும்னா ஐசி முதல்ல ஓடணும். கோழியா முட்டையாங்குற இந்தக் கேள்விக்கு பதில்தான் அந்த சின்ன கெபாசிட்டர். 325 வோல்ட்லேர்ந்து பெரிய மதிப்பு ரெசிஸ்டர் ஒண்ணு, உதாரணத்துக்கு 330 கிலோஓம், வழியா 1 மில்லியாம்ப்புக்கும் கொறவா கரண்ட் சொட்டு சொட்டா வந்து கெபாசிட்டர நெறப்பும். யூசி3842 ஐசின்னா அது 16 வோல்ட் வர்ற வரைக்கும் தூங்கும், 16 வந்ததும் முழிச்சு மாஸ்ஃபெட்ட ஸ்விட்ச் பண்ண ஆரம்பிக்கும். முழிச்சதும் அதுக்கு 15, 20 மில்லியாம்ப் வேணும், ரெசிஸ்டர் குடுக்குறது 1 மில்லியாம்ப் கூட இல்ல, அதனால கெபாசிட்டர்ல சேத்து வச்சதுலேர்ந்துதான் எடுத்து சாப்பிடும். 10 வோல்ட்டுக்கு எறங்குறதுக்குள்ள ஆக்ஸிலரி வைண்டிங் பொறுப்ப ஏத்துக்கணும், இல்லன்னா ஐசி மறுபடி தூங்கிடும். கணக்கு போட்டா, 47 மைக்ரோஃபாரட்ல 6 வோல்ட் எறங்க 20 மில்லியாம்ப்ல 14 மில்லிசெகண்ட் ஆகும், அவுட்புட் கெபாசிட்டர்லாம் நெறஞ்சு ஆக்ஸிலரி எழுந்திரிக்க அந்த அவகாசம் போதும். அதே கெபாசிட்டர் காஞ்சு போயி 10 மைக்ரோஃபாரட் ஆயிருச்சுன்னா 3 மில்லிசெகண்ட்தான், பத்தாது. முழிக்குது, விழுது, மறுபடி சார்ஜ், முழிக்குது, விழுது. அந்த டிக்டிக் இதுதான். ஓடிட்டு இருக்கும்போது ஆக்ஸிலரி வைண்டிங் தொடர்ந்து குடுத்துட்டே இருக்குறதால கெபாசிட்டர் எவ்ளோ காஞ்சாலும் வண்டி ஓடும், நின்னுட்டா கெளப்ப முடியாது. புது ஐசி பலதுல ஸ்டார்ட்டப் ரெசிஸ்டருக்கு பதிலா ஐசிக்குள்ளயே அந்த வேலைய செய்ற ஏற்பாடு இருக்கும், ஆனா அந்த சின்ன கெபாசிட்டர் அங்கயும் உண்டு.

அது ஏன் காயுதுங்குறதுக்கும் கணக்கு இருக்கு. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு ஆயுசு 105 டிகிரியில 2000 மணி நேரம்னு போட்டிருந்தா, சூடு ஒவ்வொரு 10 டிகிரி கொறையும்போதும் ஆயுசு ரெண்டு மடங்கு ஆகும்ங்குறது எல்லாரும் வச்சுக்குற கணக்கு. 65 டிகிரியில ஓடுச்சுன்னா நாலு தடவ ரெட்டிப்பு, 32,000 மணி நேரம், இடைவிடாம ஓடுனா மூணரை வருஷம் சொச்சம். நான் சொன்ன ஸ்விட்ச் நாலாவது வருஷத்துல விழுந்துச்சு. டிரான்ஸ்ஃபார்மர், ஹீட்சிங்க் ரெண்டுக்கும் பக்கத்துல ஒட்டி நிக்குற சின்ன கெபாசிட்டர்தான் முதல்ல போகும், அதுவும் சின்ன சைஸ்ங்குறதால உள்ள திரவமே கொஞ்சம்தான். மேல உப்பவும் செய்யாது, பாக்க புதுசு மாதிரியே இருக்கும்.

அவுட்புட் கெபாசிட்டருங்க கதை வேற, அதுங்க மண்டை உப்பி, மேல பழுப்பா கசிஞ்சு நமக்கே காட்டிக் குடுக்கும், எப்பவும் இல்ல. 1000 மைக்ரோஃபாரட்னு மீட்டர் காட்டலாம், ஆனா ஈஎஸ்ஆர் ஏறிப் போயிருக்கும், அதாவது கெபாசிட்டருக்குள்ள ஒரு ரெசிஸ்டர் மொளச்ச மாதிரி, குடத்துலேர்ந்து ஊத்துறத வேகமா வாங்கி வச்சுக்க அதால முடியாது. லோடு இல்லாதப்ப 12 வோல்ட் சரியா காட்டும், லோடு போட்டதும் வோல்டேஜ் படுத்துடும், இல்ல மானிட்டர்ல கோடு ஓடும், ஸ்பீக்கர்ல கொரகொரப்பு வரும். ஒரு ஈஎஸ்ஆர் மீட்டர் வாங்கி வச்சுக்கோங்க, இந்த வேலைக்கு ஆசிலோஸ்கோப்ப விட முதல்ல வாங்க வேண்டியது அதுன்னுதான் நான் சொல்வேன். மாத்தும்போது 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர், வோல்டேஜ் அதே அளவு இல்ல கொஞ்சம் மேல, மைனஸ் பட்டை சரியா பாத்து போடணும்.

அவுட்புட் 12 வோல்ட்லயே எப்படி நிக்குதுன்னா, செகண்டரி பக்கம் டிஎல்431னு மூணு கால் பார்ட் ஒண்ணு இருக்கு, உள்ள 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ். ரெண்டு ரெசிஸ்டர், மேல 38 கிலோஓம் கீழ 10 கிலோஓம்னு வச்சுக்கோங்க, 12 வோல்ட்ட பிரிச்சு சரியா 2.5 ஆக்கி இதுகிட்ட காட்டுது. கொஞ்சம் ஏறுனா டிஎல்431 ஆப்டோகப்ளர்ல இருக்குற எல்இடிய ஜாஸ்தி எரியவிடும், அந்த வெளிச்சம் எல்லைய தாண்டி ப்ரைமரி பக்கம் ஐசிகிட்ட போயி கொஞ்சமா மொள்ளுன்னு சொல்லும். பிசி817 மாதிரி நாலு கால் ஆப்டோ போர்டோட எல்லைப் பட்டை மேல உக்காந்திருக்கும், பாத்ததும் தெரியும். இந்த சங்கிலியில எது அறுந்தாலும் ஐசிக்கு வெளிய என்ன நடக்குதுன்னே தெரியாது, 12 வர்ற எடத்துல 15, 16 வரும், இல்ல ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு வெட்டி வெட்டி விடும். அவுட்புட் வோல்டேஜ் அதிகமா இருந்தா மாஸ்ஃபெட் பக்கமே போகாதீங்க, நேரா இங்க வாங்க.

இனி கையில ஒரு செத்த போர்டு வந்தா. முதல் வேலை கண்ணும் மூக்கும். வெடிச்ச பார்ட், கருகுன எடம், டிரான்ஸ்ஃபார்மர் கால்ல சுத்தி வட்டமா வெடிப்பு விட்ட டிரை சால்டர், பழைய போர்டுன்னா பார்ட்ஸ ஒட்டி வச்ச பசை காஞ்சு காப்பி கலர்ல மாறி இருக்கா பாருங்க, மாறுன பசை கரண்ட கடத்த ஆரம்பிக்கும், அத சுரண்டி எடுத்தாலே சில போர்டு உயிர் வந்திருக்கு. அடுத்து ஃப்யூஸ். கண்ணாடி ஃப்யூஸ் உள்ள கறுப்பா பூசுன மாதிரி இருந்தா பெரிய ஷார்ட், உடனே புது ஃப்யூஸ் போட்டு ஆன் பண்ணிப் பாக்குற தப்ப மட்டும் செய்யாதீங்க. ஃப்யூஸ் சும்மா போகாது. ப்ரிட்ஜோட நாலு டயோடயும் டயோடு மோடுல ஒவ்வொண்ணா பாருங்க, மாஸ்ஃபெட்டோட கரண்ட் உள்ள போற கால் ட்ரெயினுக்கும் வெளிய வர்ற கால் சோர்ஸுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் பீப் அடிச்சா அது ஷார்ட்.

மாஸ்ஃபெட் தனியா சாகாது, இத நல்லா மனசுல ஏத்திக்கணும். அது ஷார்ட் ஆகுற அந்த நேரத்துல 325 வோல்ட் முழுசும் சோர்ஸ் ரெசிஸ்டர் வழியா பாயும், 1 ஓமுக்கும் கொறவா இருக்குற அந்த ரெசிஸ்டர் ஓபன் ஆயிடும், கேட் (ஐசி ஆன் ஆஃப் சொல்ற கால்) வழியா அதே வோல்டேஜ் பின்னாடி போயி கேட் ரெசிஸ்டரயும் ஐசியயும் கொல்லும். புது மாஸ்ஃபெட் மட்டும் போட்டு ஆன் பண்ணா, செத்த ஐசி கேட்ட விடாம ஆன்லயே புடிச்சு வச்சிருக்கும், குடம் மொண்டுக்கிட்டே இருந்து கோர் நெறஞ்சு போயி அதுவும் அடுத்த நொடி போயிடும். அதனால மாஸ்ஃபெட், சோர்ஸ் ரெசிஸ்டர், கேட் ரெசிஸ்டர், ஐசி நாலயும் ஒரு செட்டா பாருங்க, ரெசிஸ்டருங்கள அளந்து பாருங்க, ஐசிய சந்தேகமே இல்லாம மாத்துங்க.

ரிப்பேர் முடிச்சதும் நேரா ப்ளக்ல சொருகாம சீரிஸ் லேம்ப் போடுங்க. பழைய இழை பல்பு, 60 இல்ல 100 வாட், ஃபேஸ் லைன்ல சீரிஸா. எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. 100 வாட் பல்பு எரியும்போது அதோட ரெசிஸ்டன்ஸ் 500 ஓமுக்கு மேல, அதனால போர்டுல முழு ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்ப் கூட தாண்டாது, புதுசா போட்ட மாஸ்ஃபெட் பொழைக்கும். ஆன் பண்ணதும் பல்பு பளிச்னு ஒரு தடவ மின்னி மங்கிட்டா பெரிய கெபாசிட்டர் சார்ஜ் ஆயிருச்சு, நல்லது. விடாம முழுசா எரிஞ்சா ப்ரைமரியில இன்னும் ஷார்ட். கொஞ்சம் கூட மின்னலன்னா வழியில எங்கயோ ஓபன், என்டிசியோ சோக்கோ ப்ரிட்ஜோ.

ஃப்யூஸ் நல்லா இருந்தும் செத்துக் கெடக்குதா? அப்ப 325 வோல்ட் இருக்கா பாருங்க. இல்லன்னா அதுக்கு முன்னாடி உள்ள அந்த நாலு பார்ட்லதான் தப்பு. இருக்குன்னா ஐசியோட விசிசி கால்ல, அதாவது ஐசிக்கு சப்ளை வர்ற கால்ல, அளங்க. பூஜ்யம் மாதிரி இருந்தா ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர் ஓபன், அந்த மாதிரி பெரிய மதிப்பு ரெசிஸ்டர் வருஷக்கணக்கா ஹை வோல்டேஜ் தாங்கி தாங்கி அறுந்து போறது சகஜம், இல்ல ஐசியே விசிசிய ஷார்ட் பண்ணுது. விசிசி 10க்கும் 16க்கும் நடுவுல ஏறி எறங்கிட்டே இருந்தா ஐசி முயற்சி பண்ணுது, தோக்குது. தோக்க காரணம் ரெண்டு, ஒண்ணு அந்த சின்ன கெபாசிட்டர், இன்னொண்ணு செகண்டரி பக்கம் ஷார்ட். முதல்ல லோட கழட்டிடுங்க, சில நேரம் தப்பு சப்ளையில இல்ல, அது ஓட்டுற போர்டுல. அப்புறம் அவுட்புட்ல ரெசிஸ்டன்ஸ் அளந்து, ஷார்ட் இருந்தா செகண்டரி டயோடோட ஒரு கால தூக்கி தனியா பாருங்க. ஷாட்கி டயோடு ஒரு பக்கம் 0.2, 0.3 வோல்ட் மாதிரி காட்டணும், மறு பக்கம் ஓபன்.

இங்க ஒரு பொறி இருக்கு, சொல்லியே ஆகணும். பெரிய சப்ளைகள்ல, கம்ப்யூட்டர் ஏடிஎக்ஸ் மாதிரி, மூணு கால் டபுள் டயோடு போட்டிருப்பாங்க, அதோட ரெண்டு ஆனோடும் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கோட ரெண்டு முனையில இருக்கும். போர்டுலயே வச்சு அந்த ரெண்டு ஆனோடுக்கு நடுவுல அளந்தா வைண்டிங் வழியா பீப் அடிக்கத்தான் செய்யும், அது ஷார்ட் இல்ல. நல்ல டயோட கழட்டி தூக்கிப் போட்டவங்க நெறைய. ஏடிஎக்ஸ்ல இன்னொண்ணு, முதல்ல ஊதா வயர்ல 5 வோல்ட் ஸ்டாண்ட்பை வருதா பாருங்க, அது உள்ளேயே இருக்குற தனி குட்டி சப்ளை, அது இல்லாம பச்சை வயர கறுப்போட சேத்தாலும் மெயின் சப்ளை கெளம்பாது.

டயோடு மாத்தும்போது கையில கெடச்ச 1என்4007 போட்டுடாதீங்க. 50 ஹெர்ட்ஸுக்கு அது அருமையான டயோடு, ஆனா ஆஃப் ஆக மைக்ரோசெகண்ட் கணக்குல நேரம் எடுத்துக்கும், 65 கிலோஹெர்ட்ஸ்ல முழு சைக்கிளே 15 மைக்ரோசெகண்ட்தான். மூடாத கதவு மாதிரி ரெண்டு பக்கமும் விட்டு சூடாகி செத்துடும். யூஎஃப்4007 மாதிரி ஃபாஸ்ட் டயோடோ, அவுட்புட்ல சரியான வோல்டேஜ் கரண்ட் ரேட்டிங் உள்ள ஷாட்கியோதான்.

ரெண்டு பார்ட்ல மட்டும் எந்த சமாதானமும் கூடாது. மெயின்ஸுக்கு குறுக்க வர்ற எக்ஸ் கெபாசிட்டருக்கு எக்ஸ்2ன்னு அச்சடிச்சதுதான் போடணும். ப்ரைமரியையும் செகண்டரியையும் இணைக்குற நீலக் கலர் ஒய் கெபாசிட்டருக்கு ஒய் ரேட்டிங் உள்ளதுதான். ரெண்டு பின் அடாப்டர்ல உலோகப் பெட்டிய தொட்டா லேசா கிர்ருனு இருக்குதே, நியான் டெஸ்டர் கூட மங்கலா எரியுதே, அது இந்த ஒய் கெபாசிட்டர் வழியா வர்ற கசிவு. 2.2 நானோஃபாரட்ல 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்கு அதிகபட்சம் 0.16 மில்லியாம்ப் மாதிரிதான் போகும், அதனாலதான் கூச்சத்தோட நிக்குது. அந்த எடத்துல சாதாரண செராமிக் கெபாசிட்டர போட்டு அது ஒரு நாள் ஷார்ட் ஆச்சுன்னா, சார்ஜர் வயர புடிச்சிருக்குற ஆளோட கைக்கு மெயின்ஸ் நேரா வரும். அதே காரணத்துக்காக, எல்லைப் பட்டை மேல போர்டு கருகியிருந்தா அந்த சப்ளைய ரிப்பேர் பண்ணாதீங்க, கருகுன போர்டு கரண்ட கடத்தும், எவ்ளோ சுரண்டுனாலும் நம்ப முடியாது.

எல்லாம் முடிஞ்சு 12 வோல்ட் வந்துருச்சுன்னா அதோட மூடி மாட்டிடாதீங்க, லோடு இல்லாத 12 வோல்ட்டுக்கு மதிப்பு கொறச்சல். 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு ஒண்ணு மாட்டுனா 1.75 ஆம்ப் இழுக்கும், 5 ஆம்ப் சப்ளைன்னா ரெண்டு பல்பு பேரலலா. குளிர்ந்த இழை ஆரம்பத்துல பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால சப்ளை ஓட ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒவ்வொண்ணா மாட்டுங்க. சீரிஸ் லேம்ப்ப கழட்டிட்டுத்தான் இத செய்யணும், இல்லன்னா மெயின்ஸ் பக்கமே பத்தாம சப்ளை தடுமாறும். ரெண்டு மணி நேரம் ஓட விட்டு வோல்டேஜ் எறங்குதான்னு பாருங்க. அப்புறம் ப்ளக்க புடுங்கி முழுசா ஆறவிடுங்க, ஒரு ராத்திரி முழுக்க வச்சா இன்னும் நல்லது, ஏன்னா காஞ்ச கெபாசிட்டர் சூட்டுல கொஞ்சம் உயிரோட இருக்குற மாதிரி நடிக்கும், குளிர்ந்தப்புறம்தான் அதோட ஈஎஸ்ஆர் நெஜமா ஏறும். அந்த ஸ்விட்ச நான் அப்படித்தான் காலையில சொருகுனேன், டிக் சத்தம் இல்லாம ஒரே மூச்சுல எல்லா லைட்டும் வந்துச்சு.